குதிகாலில் அகப்பட்ட கொழுப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் நால்வரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ‘நலம்’ என்ற சொல்லிலேயே கை நின்றுவிட்டது. இதை நீ உட்கார்ந்துகொண்டு படி.

போன வாரம் எங்கள் கம்பெனியில் லிப்ட் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை வைத்தார்கள். பதினாறு மாடியை மூச்சு வாங்காமல் ஏறுகிறவன், விளக்குமாற்றுக்குச் சட்டை மாட்டியதுபோல் இருக்கிறாய் என்று நீயே கேலி செய்யும் உடம்பு, நமக்கென்ன வரப்போகிறது என்று கையை மடித்துவிட்டுக்கொண்டு முதல் ஆளாக நின்றேன். மூன்றாம் நாள் டாக்டரம்மா கூப்பிட்டு, “உங்களுக்குக் கொழுப்பு ரொம்ப ஜாஸ்தி” என்றார். நான் மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லையே என்று திகைத்து, “மன்னிச்சிருங்க மேடம்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. நூற்றுக்குள் இருக்க வேண்டிய கெட்ட கொழுப்பு எனக்கு முந்நூற்றுப் பன்னிரண்டாம். “இது எங்க ஸ்டோர்கீப்பரோடதா இருக்கும், அவருதான் தினமும் பொரிச்சதா திம்பாரு” என்று நான் வாதாடிக்கொண்டிருக்கும்போதே, செருப்பைக் கழற்றச் சொல்லி என் குதிகாலுக்கு மேலே கிள்ளிப் பார்த்தார். படியேறி உரமேறிய கால் என்று நான் பெருமைப்பட்ட இடம் அது. அங்கே படிந்திருப்பதும் கொழுப்புதானாம். “உங்கப்பா எப்படி இறந்தாரு?” என்று கேட்டார். நாற்பத்து நாலு வயசில், பட்டறையில் லேத் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார் என்றேன். “அது சாப்பாட்டால வந்ததா இருக்காது. பிறக்கும்போதே கூட வந்திருக்கும். அதேதான் உங்களுக்கும்.”

அக்கா, அம்மா ஊற்றிய எண்ணெய்தான் அப்பாவைக் கொன்றது என்று பெரியப்பா எழவு வீட்டிலேயே சொன்னாரே. அம்மாவும் அதை நம்பி, இருபது வருஷம் ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றாமல் சமைத்துப் போய்ச் சேர்ந்தாளே.

கழுத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். இரத்தக் குழாய்ச் சுவரில் படிய ஆரம்பித்திருக்கிறதாம், அடைப்பு இல்லையாம். ஆயுசுக்கும் மாத்திரை. பிள்ளைகளுக்கும் பார்த்ததில் சின்னவன் தப்பினான், பன்னிரண்டு வயசுப் பெரியவளுக்கு இருக்கிறது. அவளோ, “நமக்குப் பரம்பரைச் சொத்தே கிடையாதுன்னியேப்பா” என்கிறாள். இத்தனை சீக்கிரம் கண்டுபிடித்ததே நல்லது, ஒழுங்காக வைத்தியம் பார்த்தால் தாத்தா கதி அவளுக்கு வராது என்று டாக்டரம்மா சொன்ன ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறேன்.

உனக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பதறாதே. நாளைக் காலையிலேயே போய் இரத்தம் கொடு. மனசைத் திடமாக வைத்துக்கொள். உனக்கு நான் இருக்கிறேன். அத்தானுக்கு என் வணக்கமும் மருமகளுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
உன் ஒரே தம்பி

பி.கு.: நீ படித்துவிட்டு மயங்கி விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று, உறையை ஒட்டும் முன் அத்தானுக்குப் போன் போட்டேன். “அந்த மாத்திரையா? உங்கக்கா ஆறு வருஷமா போடுறாளே. தம்பி பயந்தாங்கொள்ளி, தாங்க மாட்டான், சொல்லிடாதீங்கன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா” என்றார். ஆறு வருஷம், அக்கா. ஞாயிற்றுக்கிழமை சண்டை போட நேரில் வருகிறேன். மேலே உனக்கு எழுதிய தைரியத்தை அதற்குள் எனக்கே திருப்பி அனுப்பிவிடு.