மீன்தொட்டிக்கு வந்த காவலர்

எங்கள் குழந்தைகள் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்சுகள் அடிவாங்கும் விஷயம் நிர்வாகத்தின் கனிவான கவனத்துக்கு வந்துவிட்டது என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். வந்த விதம் இதுதான்: காய்ச்சல் குழந்தையோடு வெகுநேரம் காத்திருந்த ஓர் அப்பா, என்னோடு வேலை பார்க்கும் மார்லியின் மணிக்கட்டை முறுக்கி உடைத்துவிட்டார். கட்டுப்போட்ட கையோடு அவள் கேட்டது ஒன்றே ஒன்று, வாசலில் ஒரு காவலர். இல்லாவிட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்றாள். அவள் போனால் அந்த ஷிப்டில் மிஞ்சுவது நான் ஒருத்திதான்.

நிர்வாகம் பொங்கி எழுந்தது. எங்கள் ஊரில் எந்தத் துயரத்துக்கும் முதலுதவி காலைத் தேநீர் விருந்து. லாமிங்டன் கேக் வந்தது. அடையாள அட்டையை மாட்டிக்கொள்ள ‘கனிவாக இருப்போம்’ என்று அச்சடித்த கழுத்துப்பட்டி வந்தது. அதைப் பிடித்து இழுத்துத்தான் மறுநாள் ஓர் அம்மா என்னிடம் நியாயம் கேட்டாள்.

அப்புறம் அமைதிச் சூழல் துறை பிறந்தது. அதன் இயக்குநர் பெட்டிக்ரூ, காவலர் என்றாலே முகம் சுளித்தார். சீருடையைப் பார்த்தால் பெற்றோர் மனம் புண்படுமாம். அமைதி உள்ளேயிருந்து வரவேண்டுமாம். உள்ளேயிருந்து வராததால் கடையிலிருந்து வரவழைத்தார்: ஆளுயர மீன்தொட்டி, அதில் ஒரே ஓர் ஆரஞ்சு மீன். பெயர் டாரில்.

அடுத்த வாரமே யாரோ கண்ணாடியில் ஓங்கிக் குத்தினார். டாரில் பாசிக்குள் ஒளிந்துகொண்டு சாப்பிட மறுத்தது. அன்று மாலைக்குள் காவலர் வந்துவிட்டார். பெயர் செமிசி, டோங்கா தீவுக்காரர், கதவை அடைக்கும் உடம்பு.

“அப்பாடா, வந்துட்டீங்களா,” என்றாள் மார்லி.

“மன்னிச்சுக்கம்மா. என்னை மீனுக்குத்தான் போட்டிருக்காங்க. உங்க மேல கை வச்சா மேலிடத்துக்குச் சொல்லணும், அவ்வளவுதான்.”

“மீன் பக்கத்துல நான் நின்னா?”

செமிசி யோசித்தார். “அப்ப மீனுக்கும் ஆபத்து. குறுக்கே வரலாம்.”

போதாதா? மேசை, எடை பார்க்கும் கருவி எல்லாம் தொட்டியோரம் குடியேறின. யாராவது குரலை உயர்த்தினால் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொள்வோம். அடி நின்றது. நிர்வாகம் டாரிலுக்கு விருது கொடுத்தது. சத்தியமாக, கேக்கும் வெட்டினார்கள்.

போன வாரம் பெட்டிக்ரூவே மகனுக்குக் காதுவலி என்று வந்தார். மதியம் தாண்டியும் கூப்பிடவில்லை. செமிசி சாப்பிடப் போயிருந்தார்.

“நான் யாருன்னு தெரியுமா உனக்கு?” என்று மார்லியிடம் எகிறினார் பெட்டிக்ரூ.

“தெரியும். ரொம்ப முடியாத குழந்தைங்கதான் முதல்ல. நீங்க ஒட்டின போஸ்டர்லயே இருக்கே,” என்றாள் மார்லி.

கையை ஓங்கினார். ஓங்கிய கை தொட்டியைப் பார்த்ததும் அந்தரத்தில் நின்றது. “இப்படித் தள்ளி வா. மீன் பயந்துடும்,” என்றார். அவள் அசையவில்லை. துறைக்கே உரிய பொறுப்புணர்வோடு அவளை மீனுக்குப் பாதுகாப்பான தூரத்துக்கு இழுத்துவந்து, ஒரு தள்ளு தள்ளினார். அவள் விழுந்த வேகத்தில் மேசை சரிந்து தொட்டியில் மோதியது.

செமிசி ஓடிவந்தார். டாக்டர்கள் ஓடிவந்தார்கள், பெற்றோர்கள் ஓடிவந்தார்கள், பெட்டிக்ரூவும் பதறினார். நானும்தான் ஓடினேன். எல்லோரும் தொட்டியைச் சூழ்ந்து நின்று, டாரிலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பெருமூச்சு விட்டபோது கீழேயிருந்து மார்லியின் குரல் வந்தது.

“மீனைப் பாத்து முடிச்சவங்க யாராச்சும் என்னையும் ஒரு தடவ பாக்குறீங்களா?”