நெசத்துல டாக்டரும் மூன்று மிட்டாயும்

எழுதி வைத்த எதையும் நம்பாத மனிதர் உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அவர் நாமக்கல்லில் எங்கள் மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் இருந்த 'நெசத்துல' டாக்டர்தான். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், "முகூர்த்தம் ஆறு மணிங்களா? நெசத்துல?" என்பார். மாப்பிள்ளையின் அப்பாவே தடுமாறிப்போவார்.

சோதனைத் திட்டங்களை எழுதுவது என் வேலை. ஒரு புது ரத்த அழுத்த மாத்திரை வந்தது. வார்டில் படுக்கவைத்து நர்ஸ் கையால் கொடுத்தபோது நன்றாக வேலை செய்த மாத்திரை. அடுத்த சோதனைக்குப் பன்னிரண்டு விதிகள் எழுதினேன். தினமும் சரியாக எட்டு மணிக்கு மாத்திரை. திங்கள்தோறும் நேரில் வர வேண்டும். சர்க்கரை நோய் கூடாது. லாரி ஓட்டுநர் கூடாது.

டாக்டர் படித்தார். "இத்தனைக்கும் பொருந்தற ஆளு ஊருக்கு ஒருத்தருதாங்க இருப்பாரு. அவருக்குப் பிரஷர் இருக்காது."

அன்று நான் திருப்பியனுப்பிய பழனிச்சாமி, முட்டை லாரி ஓட்டுபவர், வாசலைவிட்டு நகரவில்லை. "ஏனுங்க சாமி, பிரஷரு எனக்கு, சோதனை ஆருக்குங்க? இப்ப முழுங்கற மூணு வேளை மாத்தரை ரோட்டுல ஒத்து வரலீங்க. பிரஷரு எறங்கலீன்னா வண்டிய உட்டுருன்னு ஊட்டுல சொல்றாங்க."

"இவரு மறந்துட்டா என் பதிவெல்லாம் கொழம்பிருங்க, டாக்டர்" என்றேன்.

"மாத்திரை வார்டுல கேக்குதுன்னு தெரிஞ்சுபோச்சுங்க. லாரியில கேக்குதான்னுதான் இப்பப் பாக்கோணும்."

நான் இறங்கி வரவில்லை. டாக்டர் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு டப்பாவும் நோட்டும் கொடுத்தார். டப்பாவில் ஏழு புளிப்பு மிட்டாய். தினம் எட்டு மணிக்கு ஒன்று. தின்றதும் குறிக்க வேண்டும்.

அடுத்த திங்களன்று ஆபீஸே சுற்றி நின்றது. என் நோட்டில் ஏழு டிக், அளவுகோல் வைத்த மாதிரி. பழனிச்சாமியின் நோட்டில் நாலு டிக், நடுநடுவே: "செவ்வாய்: டப்பா லாரியில, லாரி ஒர்க்‌ஷாப்புல, நான் பஸ்ஸுல. வியாழன்: மறந்துட்டேன். வெள்ளி: ரெண்டு தின்னேன், நல்லாருந்துச்சு."

டாக்டர் முதலில் அவர் டப்பாவைத் திறந்தார். ஒன்று மிச்சம். கணக்கு சரி. பிறகு என் டப்பாவைத் தன் பக்கம் திருப்பித் திறந்தார். மூன்று. ஞாயிறு சாயங்காலம் ஒரே மூச்சில் ஏழு டிக்கையும் போட்டவன் நான்.

என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நெசத்துல?" என்றார். மறு நொடி மூன்றையும் வாயில் போட்டுக்கொண்டு, காலி டப்பாவை எல்லோருக்கும் காட்டினார்.

நானே பேனா எடுத்து லாரி விதியை அடித்தேன். சோதனையில் முதல் பெயர் பழனிச்சாமி. இன்னும் வண்டி ஓட்டுகிறார்.

டாக்டர் ஓய்வு பெற்றுப் பரமத்தி வேலூரில் இருக்கிறார். 'போய்ப் பார்க்க வேண்டும்' என்று என் நாட்குறிப்பில் பதினொரு ஞாயிறு எழுதியாயிற்று. இன்று இதை அந்த ஊர்ப் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணிக்கொண்டு போகிறது, போகட்டும்.