எஸ்.பி.எல். இன்னும் பதவியில் இருக்கிறான்

பதவிக்காலம் முடிந்த பிறகும் நாற்காலியை விடாதவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் சம்பளம் கிடையாது, கார் கிடையாது, அந்த நாற்காலியே கிடையாது, அப்படியும் முப்பது வருஷமாகப் பதவியில் இருக்கிற ஒரே ஆள் எனக்குத் தெரிந்து எங்கள் எஸ்.பி.எல். மட்டும்தான்.

எஸ்.பி.எல். என்றால் ஸ்கூல் பியூப்பில் லீடர். பள்ளிக்கூடம் முழுவதற்கும் மாணவர் தலைவன். ஈரோடு பக்கத்தில் எங்கள் ஊரில் இங்கிலீஷ் மீடியம் என்று அது ஒன்றுதான் இருந்ததால் எல்லோரும் அதை 'இங்கிலீஷ் ஸ்கூல்' என்றே சொன்னார்கள். போர்டில் எழுதியிருந்த பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பில் அவன் எஸ்.பி.எல்., நான் ரோல் நம்பர் இருபத்தாறு. இன்றைக்கு இரண்டு பேரும் நியூ ஜெர்சி வெஸ்ட் வின்ட்சரில் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம். அவன் தினமும் காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறி, ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்குப் போகிறான். அதை அவன் பகுதி நேர வேலையாகத்தான் நினைக்கிறான். முழு நேர வேலை எங்களை மேய்ப்பது.

பதவி அவனிடம் தங்கிப்போனதற்குக் காரணம் மழை. எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வேலை நாளன்று அசெம்பிளியில் பழைய எஸ்.பி.எல். தன் சட்டையில் இருக்கும் பித்தளை பேட்ஜைக் கழற்றிப் புதிய எஸ்.பி.எல். சட்டையில் குத்த வேண்டும். எல்லோரும் கைதட்டுவோம். அதோடு அதிகாரம் கைமாறிவிடும். எங்கள் வருஷம் அவன் பேட்ஜில் கை வைத்த நேரம் பார்த்து மழை கொட்டியது. ஹெட்மாஸ்டர் மைக்கில் "அசெம்பிளி டிஸ்பெர்ஸ்!" என்று கத்தினார். நாங்கள் புத்தகப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினோம். அப்புறம் ஸ்டடி லீவு, பரீட்சை, ஆளுக்கொரு ஊர். பேட்ஜை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. தன்னை முறைப்படி யாரும் விடுவிக்கவில்லை, ஆகவே தான் இன்னும் எஸ்.பி.எல். என்பது அவனுடைய வாதம். சட்டப்படி பார்த்தால் அதில் ஓட்டை எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த பேட்ஜ் சட்டைப்பையில் இல்லாமல் அவன் வாசல்படி தாண்ட மாட்டான். ஒருமுறை ஒரு ஏர்போர்ட்டில் செக்யூரிட்டி அதிகாரி அதை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "லீடர் ஆஃப் வாட்?" என்று கேட்டிருக்கிறார். இவன் நெஞ்சை நிமிர்த்தி, "ட்வென்டி எய்ட் பீப்பிள், சார். நியூ ஜெர்சியில் பதினொன்று, டெக்சாஸில் ஒன்பது, கலிஃபோர்னியாவில் எட்டு" என்று மாநில வாரியாக ஆங்கிலத்தில் கணக்குக் கொடுத்திருக்கிறான். தனியாக ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். விமானம் போய்விட்டது.

அந்த இருபத்தெட்டுப் பேரும் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த எங்கள் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் அட்டெண்டன்ஸ். ரோல் நம்பர் ஒவ்வொன்றாக அவன் போடுவான், நாங்கள் 'பிரசன்ட்' போட வேண்டும். இங்கே எட்டு மணி என்றால் கலிஃபோர்னியா பே ஏரியாவில் ஐந்து மணி. ரோல் நம்பர் ஒன்பது ஒருமுறை அழாத குறையாகக் கேட்டாள்.

"எஸ்.பி.எல்., ஒரு மணி நேரம் தள்ளி வைக்கக் கூடாதா? இங்க இன்னும் விடியவே இல்லப்பா."

"உனக்காக ஸ்கூல் பெல்லை லேட்டா அடிக்கச் சொல்றியா?"

வர முடியாதவர்கள் லீவ் லெட்டர் அனுப்ப வேண்டும். டெக்சாஸ் சுகர் லேண்டில் இதய டாக்டராக இருக்கிற கதிர், ரோல் நம்பர் பன்னிரண்டு, பயாலஜி லேபில் தவளையைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கி விழுந்தவன். "ரெஸ்பெக்டட் எஸ்.பி.எல்., நாளைக் காலை ஒரு பேஷண்ட்டுக்கு அவசரமாக அடைப்பு எடுக்க வேண்டியிருப்பதால் ஒருநாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று அவன் எழுதினான். "கிரான்டட். விழுந்துடாதே" என்று பதில் போனது.

யார் என்ன ஆனார்கள் என்பது எங்கள் வீட்டாரைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். எல்லாம் ஒரு நீல அட்டை நோட்டில் இருக்கிறது. எப்போதும் முதல் ரேங்க் வாங்கிய ரோல் நம்பர் நான்கு, சான் ஹோசேயில் பெரிய வேலையை உதறிவிட்டு டிரக்கில் தோசை சுடுகிறாள். கணக்கில் மூன்று முறை கோட்டடித்த ரோல் நம்பர் முப்பத்தெட்டு, வங்கிகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறான். தமிழில் பேசியதற்காக அடிக்கடி வெளியே நின்ற ரோல் நம்பர் பத்தொன்பது, சனிக்கிழமைகளில் இங்கே குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். இங்கிலீஷ் ஸ்கூலில் தமிழ் பேசினால் எஸ்.பி.எல். பேர் எழுதுவான், பேர் எழுதப்பட்டவர்கள் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். அமெரிக்காவுக்கு வந்ததும் விதியை அவனே திருத்திக்கொண்டான். இப்போது எங்களுக்குள் இங்கிலீஷில் பேசினால் பேர் எழுதுகிறான். கேட்டால், "ரூல்னா கொஞ்சமாவது கஷ்டமா இருக்கணும்ல?" என்கிறான்.

சிரிக்கிறோமே தவிர, ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்துவிடுகிறோம். அரைத் தூக்கத்தில் போர்வைக்குள் போனைப் பிடித்துக்கொண்டு, எண்கள் ஒவ்வொன்றாக மேலேறி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். ஹூஸ்டன் வெயில், கலிஃபோர்னியா இருட்டு, எங்கள் வீட்டு ஜன்னலில் படிந்திருக்கும் பனி எல்லாம் கலந்து ஒரே வகுப்பறை ஆகிவிடும். பின் பெஞ்சு கிறீச்சிடுவதுகூடக் கேட்கும். பிரசன்ட் போட்டுவிட்டு மறுபடி தூங்கினால் கனவிலும் அந்த வகுப்பறையே தொடரும். அதில் எனக்கு மட்டும் வயது நாற்பத்தெட்டு, மற்ற எல்லோருக்கும் பதினேழு.

மூன்று வருஷத்துக்கு முன் எனக்கு வேலை போனது. யாரிடமும் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போல் உடுத்திக்கொண்டு லைப்ரரிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வருவேன். ஞாயிற்றுக்கிழமை அட்டெண்டன்ஸில் 'பிரசன்ட்' போட்டேன். பத்தாவது நிமிஷம் வாசல் மணி அடித்தது. எஸ்.பி.எல். நின்றுகொண்டிருந்தான், கையில் நீல நோட்டு.

"என்ன ஆச்சு உனக்கு?"

"எதுவும் ஆகலையே. பிரசன்ட் போட்டேனே!"

"நீ எப்பவும் என்னைக் கிண்டல் பண்ண 'பிரசன்ட் சார்'னு போடுவ. இன்னைக்கு சார் இல்ல. உள்ள வரலாமா?"

சமையலறையில் உட்கார்ந்து நான் அழுது முடிக்கிற வரை அவன் காத்திருந்தான். பிறகு நோட்டைப் பிரித்து, யார் எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள் என்று பார்த்து, ரோல் நம்பர் முப்பத்தெட்டையும் ஏழாம் நம்பரையும் அங்கிருந்தே போனில் கூப்பிட்டான். "இருபத்தாறு வெளிய நிக்குறா. உள்ள கூப்பிடணும்" என்பதைத் தவிர அவன் வேறு எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை. இரண்டு மாதத்தில் எனக்கு வேலை கிடைத்தது.

இப்படிப்பட்டவன் இந்த வருஷம் ஏப்ரலில், அட்டெண்டன்ஸை முடித்த கையோடு குழுவில் ஒரு சந்தேகம் கேட்டான். பிரின்ஸ்டன் ஜங்ஷன் படிக்கட்டு ஏறும்போது நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறதே, கேஸாக இருக்குமா? அடுத்த நொடி கதிர் அவனைக் கூப்பிட்டு, "டேய், அறிவிருக்கா? போனை வச்சுட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போடா" என்று கத்தினான். தலைவனை யாராவது 'டேய்' போட்டு அதட்டியது அதுதான் முதல் முறை. மூன்று அடைப்பு. ஜூன் மாதம் பைபாஸ் செய்வதென்று முடிவாயிற்று.

ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்னால் வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அசெம்பிளி கூட்டினான். இடம், வெஸ்ட் வின்ட்சர் ஏரிக்கரைப் பூங்கா. சுற்றறிக்கையில் ஒரே ஒரு வரி: பேட்ஜ் ஒப்படைப்பு. படித்ததும் போனை எடுத்தேன். அவன் மனைவி அம்சாவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, வீட்ல எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணிட்டே இருக்காருக்கா. பாஸ்வேர்டெல்லாம் எழுதி வச்சுட்டார். பேட்ஜை மட்டும் குடுத்துட்டா நிம்மதியா போவேங்கறார். எங்க போவாராம்?"

பதினெட்டுப் பேர் வந்திருந்தோம். கதிர் டெக்சாஸிலிருந்து பறந்து வந்தான், தோசை டிரக்கை மூடிவிட்டு ரோல் நம்பர் நான்கு வந்தாள். ஏரிமேல் காலைப் பனி மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. வாத்துகள் இருக்கிற இடம் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. வழுக்கையும் தொந்தியும் மூட்டு வலியுமாக, கை நீட்டி இடைவெளி விட்டு, உயரப்படி வரிசையில் நின்றோம். என் பெண் காரிலிருந்து எட்டிப் பார்த்து, "மாம், ஆர் யூ கைஸ் ஓகே?" என்று கேட்டாள். எஸ்.பி.எல். வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். பேட்ஜ் அன்றைக்குச் சட்டைப்பையில் இல்லை, வெளியே மின்னியது. ஆள் இளைத்திருந்தான்.

"மாணவ மாணவிகளே" என்று ஆரம்பித்தான். யாரும் சிரிக்கவில்லை. "எனக்கு எது வேணா ஆகலாம். பதவி காலியா இருக்கக் கூடாது. ரோல் நம்பர் இருபத்தாறு, கம் ஃபார்வர்ட்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நானா? நான் எதுக்கு?"

"உன் பேரைத்தான் நான் அதிகமா எழுதியிருக்கேன். வாசல்ல அதிக நேரம் நின்னவ நீதான். வெளிய நிக்கறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும்."

போய் நின்றேன். அவன் விரல்கள் பேட்ஜின் ஊக்கைத் தடவின. அது லேசில் திறக்க வரவில்லை. எனக்கு அப்போது ஒரே ஒரு பயம்தான். இந்தப் பித்தளைத் துண்டு கைமாறிவிட்டால் இவன் திரும்பி வர வேண்டிய அவசியம் ஒன்று குறைந்துபோகும். நாங்கள் வெளியே நிற்கிறோம் என்று இவனுக்குத் தெரிய வேண்டும், அந்த நினைப்போடுதான் இவன் ஆபரேஷன் கட்டிலில் படுக்க வேண்டும். ஊக்கு திறந்துகொண்டது. நான் வானத்தைப் பார்த்தேன். கழுவித் துடைத்ததுபோல் நீலம், பொட்டு மேகம் கிடையாது.

"மழை" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எஸ்.பி.எல்.லும் பார்த்தான்.

"மழை வருதுப்பா!" என்றேன் இன்னும் சத்தமாக.

முதலில் புரிந்துகொண்டவன் தவளைக்கு மயங்கிய கதிர். உள்ளங்கையை வெயிலில் நீட்டி, டாக்டருக்குரிய தோரணையோடு, "ஆமா, தூறுது. பெருசா வரும்போல" என்றான். ரோல் நம்பர் நான்கு கைப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினாள். அவ்வளவுதான், கிரீன் கார்டும் கிரெடிட் ஸ்கோரும் வைத்திருக்கிற பதினேழு பெரிய மனிதர்கள் பளீரென்ற வெயிலில் "மழை, மழை" என்று கூவிக்கொண்டு பிக்னிக் கொட்டகைக்கு ஓடினோம். நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் நின்று மேலே பார்த்தார். பாவம், அவர் நாயும் பார்த்தது.

புல்வெளி நடுவில் எஸ்.பி.எல். மட்டும் தனியாக நின்றான், பாதி கழன்ற பேட்ஜோடு. வானத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வெளிச்சத்தில் அவன் நிஜமாகவே எங்கோ மழையில் நிற்கிறான் என்று எனக்குத் தோன்றியது. பிறகு ஊக்கை மறுபடி பூட்டினான்.

"அசெம்பிளி டிஸ்பெர்ஸ்!" என்று கத்தினான்.

ஓடக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்ததால் மெதுவாக நடந்து கொட்டகைக்குள் வந்தான். கைக்குட்டையை எடுத்து, நனையாத தலையை நன்றாகத் துடைத்துக்கொண்டான். "சே, ரெண்டாவது தடவையும் இப்படி ஆயிடுச்சே" என்றான். நாங்கள் எல்லோரும் வருத்தப்பட்டோம்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரிசப்ஷனில் பேஷண்ட் பேர் கேட்டார்கள். வாயைத் திறந்தேன், பேர் வரவில்லை. முப்பது வருஷப் பழக்கம், அந்த ஆளின் பேர் எனக்குத் தெரியவில்லை! அம்சாவுக்குப் போன் போட்டேன். "ஐயோ அக்கா, இருங்க, எனக்கே சட்டுனு வரல" என்றாள். அதற்குள் பார்வை நேரம் முடிந்துவிட்டது, திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி. யாரும் கூப்பிடப் போவதில்லை என்று தெரிந்தும் போனைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். பார்த்தால் பே ஏரியாவில் எட்டுப் பேரும் விழித்துக்கொண்டு ஆன்லைனில் இருந்தார்கள். எட்டே கால். எட்டரை. எட்டு நாற்பதுக்குக் குழுவில் ஒரு வரி வந்தது.

"அட்டெண்டன்ஸ். நர்ஸ் போனைத் தரலை, அதனால லேட்."

"லேட்டா வந்தா வெளிய நிக்கணும்" என்று கதிர் எழுதினான்.

"நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். ரோல் நம்பர் நாலு."

வரிசை நகர்ந்தது. என் எண் வந்தபோது எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். "பிரசன்ட், சார்."

அந்த 'சாரை' இந்தத் தடவை நான் கிண்டலுக்குப் போடவில்லை.