கோகிலவாணியை லடாக் அனுப்ப எனக்குச் சம்மதமில்லை

எருமப்பட்டி

வானியல் துறைப் பேராசிரியர் சௌந்திரம் அம்மா அவர்களின் சமூகத்துக்கு, எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவி கோகிலவாணியின் தகப்பன், முட்டைக்கோழிப் பண்ணை வெங்கடாசலம் பணிவோடு வணங்கி எழுதுவது. இங்கே நாங்களும் கோழிகளும் நலம். தங்கள் நலத்துக்கும் தங்கள் துறை டெலஸ்கோப்பின் நலத்துக்கும் அத்தனூர் அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. லடாக் மலையிலுள்ள வானாய்வு மையத்துக்கு ஆறு மாதம் கோகிலாவை அனுப்பப் பெற்றோர் சம்மதம் கேட்டிருந்தீர்கள். சம்மதமில்லை. காரணத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

விடுமுறைக்கு வந்தவள், வானம் எவ்வளவு இருட்டு என்று அளக்க வேண்டும், அதுதான் நீங்கள் கொடுத்த ப்ராஜெக்ட் என்றாள். எங்கள் பண்ணையில் விடியற்காலை நாலு மணிக்கே லைட் போட்டுவிடுவோம். வெளிச்சம் குறைந்தால் கோழி முட்டையைக் குறைத்துவிடும். "ஒரு வாரம் மட்டும் நிறுத்துங்கப்பா" என்றாள். பெத்த மனசு, நிறுத்திவிட்டேன். அதோடு விட்டேனா? பக்கத்துப் பண்ணை லைட் வானத்தைக் கெடுக்கிறதென்று குணசீலன் கையைக் காலைப் பிடித்து அவருடையதையும் நிறுத்த வைத்தேன். நாலாம் நாள் ரெண்டு பண்ணையிலும் முட்டை சரிஞ்சுபோச்சு. போன வெளிச்சத்தை ஈடுகட்டணும்னு நான் மத்தியானம், உச்சி வெயில்ல, அத்தனை பல்பையும் எரியவிட்டேனுங்க. கோழி டாக்டர் வந்து பார்த்தாரு. "ஏனுங்க, சூரியனுக்கே டார்ச் அடிக்கிறீங்களா?"ன்னு சிரிச்ச சிரிப்பு ஊர் பூரா பரவிப்போச்சு. குணசீலன் என்னைக் கண்டா இப்பவும் தலையைத் திருப்பிக்கிறாரு. "புள்ள படிக்குது, உங்களுக்கு என்னங்க கேடு?" என்று என்னைத் திட்டிய சம்சாரம் அங்கம்மாள், மறுநாள் விடியக்காலம் மகளோட இருட்டுல நின்னு, அவ கொண்டாந்த சின்ன டெலஸ்கோப்புல வியாழனைப் பார்த்துட்டு, "ஏனுங்க, ஓடியாங்க, இதுக்கு நாலு நிலாவுங்க!"ன்னு கத்துறா. நானும் ஓடினேன். வெறும் காலோடு ஓடினேனுங்க.

உண்மையைச் சொன்னால் முட்டையெல்லாம் சாக்கு. லடாக்கில் மூச்சு விடக்கூடக் காத்துப் பத்தாதாம். ஒரே புள்ளைங்க. இங்கே ஒரு தும்மல் போட்டாலே அங்கம்மாள் மிளகு ரசம் வைத்துவிடுவாள். அங்கே யாருங்க வைப்பா? அவ்வளவு தூரம் அனுப்பிட்டு என்னால இருக்க முடியாதுங்க. பயமா இருக்குது.

ஆகவே அம்மா அவர்கள் கோபிக்காமல் வேறொரு பிள்ளையை அனுப்பிக்கொள்ளவும். தங்கள் ஊட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. எல்லோரும் நோய்நொடியில்லாமல் நல்லா இருக்கணும் சாமி.

இப்படிக்கு,
பா. வெங்கடாசலம்

பி.கு.: பிழையில்லாமல் போக வேண்டுமென்று இந்தக் கடிதத்தைக் கோகிலாவிடமே கொடுத்துத் திருத்தச் சொன்னேன். எனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை பாருங்கள். மூன்று இடத்தில் திருத்தினாள். 'சம்மதமில்லை' வந்ததும் பேனா நின்றுவிட்டது. "இது சரியாத்தான் இருக்குதுங்கப்பா" என்று மட்டும் சொல்லி, மடித்து உறையில் போட்டு, ஸ்டாம்பையும் அவளே ஒட்டிக் கொடுத்தாள். தபால் பெட்டி வரைக்கும் போனேன். போடக் கை வரலைங்க. மகள் திருத்திய கடிதத்தைக் கிழிக்கவும் மனசில்லை. அதனால் உறையை மட்டும் பிரித்து, நீங்கள் அனுப்பியிருந்த சம்மதப் படிவத்தையும் சேர்த்து அனுப்புகிறேன். பெற்றோரில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று அதில் அச்சடித்திருந்தது. நாங்கள் ரெண்டு பேருமே போட்டிருக்கிறோம்.