சிவனம்மாளின் கிரைண்டரும் ஸ்ரீமதியின் கம்பெனியும்

திண்டுக்கல்,
ஆனி மாதக் கடைசி வெள்ளி, 2008.

மதிப்பிற்குரிய மச்சான் இருளப்பன் அவர்களுக்கு,

கமலக்கண்ணன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் மகள் ஸ்ரீமதியும் சுகம். அங்கே உங்கள் வீட்டாரும் உங்கள் ரத்தக் கொதிப்பும் நல்லபடியாக இருக்கப் பழனியாண்டவரை வேண்டுகிறேன். கொதிப்பைத் தனியாகக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே படியுங்கள்.

பொங்கலுக்கு வந்தபோது என் வீட்டு வடையைக் கையில் வைத்துக்கொண்டே, "கடை இல்ல, சரக்கு இல்ல, கல்லா இல்ல, இது என்ன யாவாரம் மாப்ள?" என்று கேட்டீர்கள் அல்லவா? அதற்கு இன்று பதில் சொல்கிறேன். என் மகள் ஜெயித்துவிட்டாள் மச்சான்! இன்டர்நெட்டில் கடை கடையாகப் பார்க்கிறவர்கள் பிடித்த பொருளையெல்லாம் அவளுடைய இணையதளத்தில் ஒரே இடத்தில் குறித்து வைக்கலாம், மற்றவர்களும் அதைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லலாம், வாங்குவது மட்டும் அந்தந்தக் கடையில்தான். உங்கள் தங்கை ஜவுளிக்கடையில் இருக்கிற சேலையை எல்லாம் பிரித்துப் போட வைத்துவிட்டு, "இத மட்டும் எடுத்து வைங்க, வீட்ல கேட்டுட்டு வாரேன்" என்று கிளம்பி வருவாளே, அதேதான். அதனால்தான் 'எடுத்துவை' என்று பெயர். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து பிள்ளை இதை ஆரம்பித்தாள். ஆடி பிறப்பதற்குள் பணம் போட ஆள் கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு, ஆவணியில் நீங்கள் பார்த்த, பெங்களூரில் மாதச் சம்பளம் வாங்குகிற உடுமலைப் பையனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று அண்ணனும் தங்கையுமாக அவளிடம் வாக்கு வாங்கினீர்கள். அன்று அவள் மொட்டை மாடியில் நின்று அழுததைப் பார்த்தேன்.

இணையதளத்துக்கு வருகிறவர்கள் பெருகினால்தான் பணம் போடுகிறவர்கள் வருவார்களாம்; ஆகவே அந்த ஆள் சேர்க்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். மின்வாரியத்தில் வேலை பார்த்தவனுக்குத் தெரியாத வீடா? கண்ணில் பட்டவரையெல்லாம் கூட்டிவந்து முன்னறைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, ஜவுளிக்கடை உதாரணத்தைச் சொல்லி, பிடித்ததை எடுத்து வைக்கச் சொன்னேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது. எடுத்து வைக்கச் சொன்னால் கடைக்காரர் எடுத்து வைத்துவிடுவார், வேறு யாருக்கும் தரமாட்டார் என்பதுதானே நம் ஊர் நியாயம்? எல்லாரும் அப்படியே நம்பிவிட்டார்கள். சென்னையிலிருந்து நர்கீஸ் என்கிற அம்மாள் பணம் போடலாமா என்று பார்க்க வந்த அன்று, உங்கள் தங்கை, பெண்ணைப் பார்க்க யார் வந்தாலும் கேசரியும் பஜ்ஜியும்தான் என்ற கணக்கில் தட்டைக் கொண்டுவந்து வைக்க, ஸ்ரீமதி பேச ஆரம்பிக்க, சரியாக அந்த நேரம் பார்த்துச் சாணார்பட்டி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றாள், நான் முன்பு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தவர்களில் ஒருத்தியான சிவனம்மாள்.

"ஏப்பா கமலக்கண்ணா, நான் எடுத்து வச்ச கிரைண்டர எவளுக்குய்யா தூக்கிக் குடுத்தீக? மருமக பாத்துட்டு தீந்துபோச்சுங்குறா! மாவாட்டி மாவாட்டி என் தோள்பட்டை போச்சு!"

நான் ஓடிப்போய், "ஆத்தா, செத்த நேரம் அடுப்படியில இரு, கேசரி தாரேன்" என்று தள்ளப் பார்த்தேன். "கேசரிய நீயே முழுங்கு, எனக்கு கிரைண்டரு வேணும்!" என்று அவள் என்னைத் தள்ளிக்கொண்டு நேராக முன்னறைக்குள் வந்துவிட்டாள். ஸ்ரீமதியின் முகம் செத்துப்போனது. தொலைந்தது, ஆவணியில் பந்தக்கால்தான் என்று நான் சுவரில் சாய்ந்தேன். ஆனால் அந்த நர்கீஸ் அம்மாள் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, கடைக்காரங்க நெஜமாவே ரெண்டு நாள் எடுத்து வச்சா வாங்குவீங்களா?" என்று கேட்டார். "வாங்காம? வேலவெட்டி இல்லாமயா பஸ் ஏறி வந்தேன்?" என்றாள் சிவனம்மாள். உடனே அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னார்: "சார், எல்லா கம்பெனியிலயும் ஆளே வரலன்னுதான் அழுவாங்க. வாசல்ல வந்து சண்ட போடுற கஸ்டமர இங்கதான் பாக்குறேன்."

அவ்வளவுதான் மச்சான். பொருளைக் கடைக்காரர்கள் உண்மையாகவே இரண்டு நாள் நிறுத்தி வைக்க வேண்டும், வாங்க ஆள் அனுப்புவதற்காகக் கம்பெனிக்குக் கூலியும் தர வேண்டும் என்று ஸ்ரீமதி அங்கேயே ஒரு திட்டம் சொன்னாள், நர்கீஸ் அம்மாள் பணம் போட இந்த வாரம் கையெழுத்தே ஆகிவிட்டது. நான் தெருவுக்கே லட்டு கொடுத்தேன். ஆகையால் உடுமலைக்காரர்களிடம் பெண் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். துணிந்து தொழில் செய்கிற பிள்ளையின் அருமை, மாதச் சம்பளத்தையே கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்கு எங்கே புரியப்போகிறது?

பெரியவர்களுக்கு என் கும்பிடு, சிறியவர்களுக்கு ஆசி, உங்களுக்கு ஒரு பார்சல் லட்டு.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற மைத்துனன்
கமலக்கண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனவன் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். இணையதளத்தில் இருக்கிற கோளாறுகளையெல்லாம் மாதக்கணக்காகக் கண்டுபிடித்து எழுதி அனுப்பிய ஒரு பையனைக் கம்பெனியில் கூட்டாளியாகச் சேர்த்திருக்கிறாளாம். யாரென்று கேட்டால், உங்கள் உடுமலைப் பையனேதான். பெங்களூர் வேலைக்கு நேற்று ராஜினாமா கொடுத்துவிட்டானாம். "அப்பா, ஆவணியிலேயே வச்சுக்கலாம்" என்கிறாள். மச்சான், மாதச் சம்பளம் இல்லாத பையனுக்கு எதை நம்பிப் பெண்ணைக் கொடுப்பது? மாத்திரையையும் எடுத்துக்கொண்டு உடனே புறப்பட்டு வாருங்கள், எனக்கும் ஒன்று வேண்டும்.