தேறாத வெள்ளைக் கோட்

“இது தேறாது தாயி” என்றார் தையல்கடை அண்ணாச்சி.

கோட்டைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்தபின் கோட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னையும் ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். அந்த ஒரு பார்வைதான் எல்லாவற்றுக்கும் காரணம். அவர் கோட்டோடு நிறுத்தியிருந்தால் நான் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, ஒரு சாதாரணப் பெண்ணாக இன்டர்வியூவுக்குப் போய்த் திரும்பியிருப்பேன்.

கோட்டின் வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அது என் கல்லூரி லேப் கோட். சீவலப்பேரியில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கல்லூரிக்கும் நானேதான் முதல். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. சேர்ந்த வாரத்தில் கோட் வாங்க அம்மாவும் கூட வந்தாள். கடையில் எந்த அளவு எடுத்தாலும் ஒரே விலை என்றார்கள். நாற்று நடுகிற வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்த அம்மா விடுவாளா?

“ஒரே வெலன்னா எதுக்குச் சின்னத எடுக்கணும்? இருக்கதுலயே பெருச எடுங்க. வளருத பிள்ள.”

எனக்கு அப்போது பதினெட்டு வயது. என் வளர்ச்சி பத்தாம் வகுப்போடு ஓய்ந்துபோயிருந்தது. கோட்டின் தோள் என் முழங்கைப் பக்கம் இறங்கிக் கிடந்தது. கை நுனியை மூன்று மடிப்பு மடித்தால்தான் விரல் வெளியே தெரியும். மடிப்பு அவிழ்கிற நாளில் அது நேராகப் பீக்கருக்குள் போய்விடும். அப்படி ஒருநாள் கந்தக அமிலத்தில் கோட்டின் கை நனைந்து, பதறி உதறியதில் இடது மார்பில் ஒரு ஓட்டை விழுந்தது. (எலி கடித்தது என்று வீட்டில் சொன்னேன். அம்மா எலிப்பொறி வாங்கி வந்துவிட்டாள்.)

அம்மாவுக்கு அந்தக் கோட் என்றால் உயிர். துவைத்ததும் கொல்லைப்புறக் கொடியில் போடமாட்டாள். தெருவைப் பார்த்த கொடியில்தான் போடுவாள். தெருவில் பாதிப் பேர் நான் டாக்டருக்குப் படிப்பதாகவே நம்பினார்கள். இருமலுக்கு என்ன மாத்திரை என்று கேட்டுக்கூட வந்தார்கள். அம்மா ஆமாம் என்றும் சொல்லமாட்டாள், இல்லை என்றும் சொல்லமாட்டாள். “அவ வரட்டும்” என்பாள்.

படிப்பு முடிந்து கொஞ்ச நாளில், பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து கடிதம் வந்தது. ஏழாம் வகுப்புக்கு அறிவியல். நேர்முகத் தேர்வு, ஒரு மாதிரி வகுப்பும் எடுக்க வேண்டும். கீழே ஒரு வரி: ஆசிரியைகள் சேலையோ சுடிதாரோ அணியலாம், அதன்மேல் வெள்ளைக் கோட் கட்டாயம்.

அதனால்தான் கோட்டைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சியிடம் போனோம். அவர் அதை மேசையில் விரித்துப் போட்டு, பிரேதப் பரிசோதனை செய்கிற டாக்டரைப்போல ஒவ்வொன்றாகச் சொன்னார். உடம்புப் பக்கத்தைச் சுருக்கிப் பிடித்துவிடலாம். கையை வெட்டிவிடலாம். ஓட்டைக்கு மேல் பாக்கெட்டைக் கொண்டுவந்து தைத்துவிடலாம். ஆனால் தோள்தான் பிரச்சினை. தோளைப் பிரித்தால் காலரைப் பிரிக்கணும், கையைப் பிரிக்கணும், அப்புறம் கோட் என்று என்ன மிஞ்சும்?

“தோளு சரியா இருந்தா மத்த எதையும் சரி பண்ணிரலாம் தாயி. இது தோளே இல்ல. இதப் பிரிக்குத நேரத்துல புதுசா ரெண்டு தச்சிருவேன்.”

அம்மா விடவில்லை. “பெருசுதான அண்ணாச்சி? சிறுசா இருந்தாத்தான் ஒண்ணும் செய்ய முடியாது. பெருசச் சிறுசாக்க முடியாதா?”

அப்போதுதான் அவர் “இது தேறாது தாயி” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

இப்போது யோசித்தால், பாவம், அவர் என் தோள் அகலத்தைக் கண்ணளவில் எடுத்திருப்பார். தையல்காரர் பார்வையே அப்படித்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு எனக்கு அது வேறு மாதிரி விழுந்தது. ‘நாற்று நடுகிறவள் மகள், கோட் போட்டு டீச்சராகப் போறாளாம்’ என்று அவர் நினைப்பதாக நானே முடிவுகட்டிக்கொண்டேன். அறிவியல் பட்டதாரி ஆதாரத்தோடு யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை.

“பிரிங்க அண்ணாச்சி. தோளையே பிரிங்க” என்றேன். ஏதோ கோட்டையைப் பிடிக்கச் சொன்ன ராணி மாதிரி.

மூன்றாம் நாள் கொடுத்தார். உண்மையைச் சொல்ல வேண்டும்: பிரமாதமாக இருந்தது. தோள் தோளில் நின்றது. ஓட்டையை மூடியதால் பாக்கெட் மட்டும் கொஞ்சம் கோணலாக வயிற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. மற்றபடி கோட்டுக்குள் முதல்முறையாக நான் இருந்தேன்.

இன்டர்வியூ அன்று காலையில் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “கோட்டப் போட்டுக்கிட்டே போயேன்ட்டி. தெருவே பாக்கும்லா?”

டவுன் பஸ்ஸில் போட்டுக்கொண்டு போனால் கசங்கிவிடும், உனக்கு இதெல்லாம் தெரியாது என்று கடுப்பாகச் சொல்லிவிட்டு, அவள் மடித்து வைத்திருந்த கோட்டை அப்படியே பைக்குள் வைத்தேன். அதன்மேல் சாப்பாட்டு டப்பா. அதன்மேல், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும், என் இரண்டு முழங்கையும். பாளையங்கோட்டை வரைக்கும் நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டே போனேன்.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. தையல்காரரிடமிருந்து வந்தால் அம்மா கணக்கில் அது புதுத்துணி. புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் உடுத்தக்கூடாது. சொன்னால் நான் சண்டை போடுவேன் என்று, நான் குளிக்கப் போன நேரத்தில் காலருக்கு அடியில் மஞ்சளைக் குழைத்து வைத்து, அது காயுமுன்பே காலர் உள்ளே வரும்படி மடித்திருக்கிறாள். சாதாரணத் துணிக்கு ஒரு பொட்டு. வேலைக்குப் போகிற துணி என்பதால், கொஞ்சம் தாராளமாக.

பள்ளிக்கூட வராந்தாவில் கோட்டை எடுத்து உதறினேன். முன்பக்கம் இரண்டிலும், இடதும் வலதும் அச்சு மாறாமல், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். ஒரு பட்டாம்பூச்சி சிறகை விரித்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி.

வகுப்புக்குக் கால் மணி நேரம் இருந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டே கழிப்பறைக்கு ஓடினேன். குழாயடியில் துணி சோப்பு ஒன்று கிடந்தது. தேய்த்தேன்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பற்றிச் சில உண்மைகளை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. நான் கெமிஸ்ட்ரி படித்தவள். கல்லூரியில் மூன்றாவது இடம். மஞ்சளில் சோப்பு பட்டால் சிவந்துபோகும் என்பது ஏழாம் வகுப்புப் பாடம். நான் எடுக்கப் போவதும் ஏழாம் வகுப்பு.

சிவந்தது. பதறிப்போய் இன்னும் நிறையச் சோப்பைப் போட்டேன். இன்னும் நிறையச் சிவந்தது. தண்ணீர் வழிந்து கோட்டின் கீழ்வரைக்கும் இறங்கியது. கண்ணாடியில் பார்த்தால், நெஞ்சில் இரண்டு இடத்தில் குண்டடிபட்ட ஒரு பெண் கையில் சோப்போடு நின்றுகொண்டிருந்தாள்.

உள்ளே வந்த ஆயாம்மா என்னைப் பார்த்த வேகத்திலேயே வெளியே ஓடினார். இரண்டு நிமிடத்தில் தலைமையாசிரியை முதலுதவிப் பெட்டியோடு வந்து நின்றார்.

“எங்கம்மா அடிபட்டுச்சு?”

“அடி இல்ல மேடம். மஞ்சள்.”

அவர் என் கோட்டைப் பார்த்தார். ஆயாம்மாவைப் பார்த்தார். மறுபடியும் கோட்டைப் பார்த்தார்.

“இதுவா மஞ்சள்?” என்றார், பைத்தியத்திடம் பேசுகிற மெல்லிய குரலில்.

விளக்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மணியாகிவிட்டது, கோட்டைக் கழற்றிவிட்டு வேண்டுமானால் வாருங்கள் என்றார். கோட் கட்டாயம் என்று கடிதத்தில் இருந்ததே என்றேன். (அந்த நேரத்திலும் விதியைச் சுட்டிக்காட்டிய வாய் இது.) அவர் பெருமூச்சு விட்டுவிட்டு நடந்தார். நான் ஈரக் கோட்டோடு பின்னால் போனேன்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியையும் இன்னும் இரண்டு பேரும். அணு அமைப்பு பற்றி சார்ட் வரைந்து கொண்டுபோயிருந்தேன். அதை எடுக்கப் பையைத் திறந்தபோது முதல் வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழுந்து கேட்டாள்:

“மிஸ், ரத்தமா?”

‘வீட்டுக்குப் போயிரலாமா’ என்று ஒரு நிமிடம் தோன்றியது. தெருவில் எல்லாருக்கும் அம்மா சொல்லிவைத்திருப்பாள் என்பதும் கூடவே தோன்றியது. சார்ட்டை உருவினேன். அதோடு ஒரு எலுமிச்சம்பழம் வெளியே வந்து, மேசையில் உருண்டு, கீழே விழுந்தது. நல்ல காரியத்துக்குப் போகிற பையில் கண்ணேறு படாமலிருக்க அம்மா போட்டுவிட்ட பழம்.

அதைக் குனிந்து எடுத்தேன். நிமிர்ந்தபோது சார்ட்டைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டேன்.

“ரத்தமா இல்லையான்னு நாமளே பாப்போமா?” என்றேன்.

ஸ்கேலால் பழத்தை அறுத்து (அறுக்கவில்லை, கிட்டத்தட்டக் குத்திக் கொன்றேன்) இடது பக்கச் சிவப்பின்மேல் பிழிந்தேன். சிவப்பு விலகி மஞ்சள் எழும்பியது. பின்பெஞ்சுவரைக்கும் ஒரு “ஏ…” போனது. கேள்வி கேட்ட பிள்ளையைக் கூப்பிட்டு, கழிப்பறையிலிருந்து என் கையோடே வந்துவிட்ட சோப்பை நனைத்து அதே இடத்தில் தேய்க்கச் சொன்னேன். திரும்பச் சிவந்தது. ஆரத்தி ஏன் சிவப்பாக இருக்கிறது என்று கேட்டேன். “மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போடுவாங்க மிஸ்” என்று நாலைந்து பேர் கத்தினார்கள். சோப்பும் சுண்ணாம்பும் ஒரு பக்கம், எலுமிச்சையும் புளியும் ஒரு பக்கம் என்று கரும்பலகையில் எழுதியதெல்லாம் பிள்ளைகள் சொல்லச் சொல்லத்தான். கடைசியில் என் கோட்டின்மேல் சோதனை செய்ய வரிசை நின்றது. மணி அடித்தும் ஒருவரும் நகரவில்லை. நான்தான் ஈரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டு, பி.எட். இல்லாமல் நிரந்தர வேலை தரமுடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அறிவியல் டீச்சர் ஒருவர் பிரசவ விடுப்பில் போகிறார், அந்த இடத்துக்கு வேண்டுமானால் வரலாம்.

“பாடம் நல்லாருந்துச்சு. தெனமும் இப்படி வந்தா ஆயாம்மாவுக்கு நெஞ்சுவலி வந்துரும். கோட்டை மட்டும் துவைச்சுக்கிட்டு வாங்க” என்றார். அப்போதுதான் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். வேலை கிடைத்ததைத்தான் அம்மா முதலில் கேட்டுச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ நான் சோப்புப் போட்ட கதையிலேயே நின்றுவிட்டாள்.

“மஞ்சளோட சுண்ணாம்பு சேந்தா செவக்கும்னு ஆரத்தி கரைக்கித எனக்கே தெரியும். இதப் படிக்கவா மூணு வருசம் பஸ்ஸேறிப் போன?”

கோட் நாலு நாள் தெருக்கொடியில் கிடந்தது. வெயிலில் மஞ்சள் தானாகவே வெளுத்துப் போனது. (அதுவும் பாடத்தில் உண்டு.) ஆனால் வீட்டில் அது இன்னும் வெளுக்கவில்லை. காய் நறுக்கும்போது கையை வெட்டிக்கொண்டு நான் அலறினால் யாரும் எழுந்து வருவதில்லை. அப்பா இருந்த இடத்திலிருந்தே கேட்பார்: “சோப்புப் போட்டியாட்டி?”

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. விடுப்பில் போன டீச்சர் திரும்பி வந்தார். அதன்பின் அதே பள்ளியில் இன்னொருவருக்குப் பதிலாக இருந்தேன். இந்த வருடம் பி.எட். சேர்ந்துவிட்டேன். திங்கட்கிழமை முதல் கற்பித்தல் பயிற்சி. அதற்கும் வெள்ளைக் கோட் கட்டாயம்.

கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பொத்தான் எட்டவில்லை. பள்ளிக்கூட கேன்டீன் போண்டா தன் வேலையைக் காட்டியிருந்தது. பெருசைச் சிறுசாக்கிய கோட். வெட்டியெறிந்த துணி திரும்ப வருமா? இந்தத் தடவை உண்மையிலேயே தேறாது என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன்.

அவர் கோட்டை உள்பக்கமாகப் புரட்டினார். பக்கத் தையலை விரலால் விரித்துக் காட்டினார். இரண்டு பக்கமும் மூன்று விரல் அகலத்துக்குத் துணி, வெட்டாமல் மடித்து, உள்ளேயே வைத்துத் தைத்திருந்தது.

“தேறாதுன்னு சொன்னியளே, அண்ணாச்சி. அப்புறம் எதுக்கு இவ்வளவு துணிய உள்ள விட்டுத் தச்சிய?”

“நான் கோட்டத்தான சொன்னேன்” என்று ஊசியால் தையலைப் பிரித்துக்கொண்டே சொன்னார். “போடுத பிள்ள வளரும்லா.”

சனிக்கிழமை வாங்கிக்கொள்ளச் சொன்னார். வாங்கி வந்துவிட்டேன். பொத்தான் எட்டுகிறது. எலுமிச்சம்பழத்தை இந்தத் தடவை நானே பைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். மஞ்சளையும் அம்மாவை இன்றே வைக்கச் சொல்லி, வெயிலில் காயவிட்டுத்தான் மடித்தோம். நாளைக் காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டேதான் பஸ் ஏறப்போகிறேன். தெரு பார்க்கட்டும்.