மறுத்தால் வருகிறான் என்று அர்த்தம்

இந்தக் கோடையில் நான் ஒரு சபதம் எடுத்தேன். இனி யாரை வரவேற்கவும் விமான நிலையத்துக்குப் போக மாட்டேன். உலகக் கோப்பையே கால் முளைத்து வந்து இறங்கினாலும் சரி, டாக்சி பிடித்து வரட்டும்.

காரணம் இருக்கிறது. எங்கள் இஸ்மிரில் ஒரு கால்பந்து வீரன் புதிதாக வருகிறான் என்றால், அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் நாங்கள் வாசலில் நிற்போம். மேளம், வண்ணப் புகை, கழுத்தில் போட ஒரு துண்டு. ஒப்பந்தமெல்லாம் அப்புறம். எங்கள் யாலிஸ்போர் கிளப்பின் பச்சை ஆரஞ்சுத் துண்டு விழுந்த கழுத்து வேறு கிளப்புக்குத் திரும்பாது என்று ஒரு நம்பிக்கை.

போன ஜனவரியில் டென்மார்க்கிலிருந்து ஒரு முன்கள வீரன் வருகிறான் என்று சொல்லி ஒரு வேன் ஆட்களைக் கூட்டிப் போனேன். உயரமாக, வெள்ளையாக ஒருவன் வந்தான். துண்டைப் போட்டோம். தோளில் தூக்கிக்கொண்டு ஆடினோம். அவர் ஏதோ மாநாட்டுக்கு வந்த பல் டாக்டர். நல்ல மனிதர். இன்றைக்கும் எனக்குப் பண்டிகை வாழ்த்து அனுப்புகிறார்.

அன்றைக்கு டீக்கடையில் நான் பட்ட பாடு எதிரிக்கும் வரக்கூடாது. அந்தக் கடையில் டிவிக்கு நேர் எதிரே, ஜன்னலோரம் ஒரு நாற்காலி உண்டு. பல வருடமாக அது என்னுடையது. அதில் உட்கார்ந்து சொன்னால் செய்தி, மற்ற நாற்காலியில் உட்கார்ந்து சொன்னால் வதந்தி. வேன் ஓட்டுகிற ரெஜாய்க்கு அந்த நாற்காலி மேல் ஒரு கண். "அண்ணே, இன்னொரு பல் டாக்டர் வந்தா நாற்காலி எனக்கு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். மானஸ்தனாகிய நானும் சரி என்று கைகொடுத்துவிட்டேன். அதனால்தான் சபதம்.

சபதத்தை முதலில் சோதித்தவள் என் மனைவி பெரிஹான். வீட்டிலேயே மிஷின் போட்டுத் துணி தைக்கிறாள். வாய் நிறைய குண்டூசி இருக்கும். அதை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள் என்றால் விஷயம் பெரியது.

"ஏங்க, முஸெய்யென் பெரியம்மா வராங்க. கொஞ்சம் ஏர்போர்ட் போய்க் கூட்டிட்டு வரணும். ரெஜாய் வேனைக் கேளுங்க. சாமான் நிறைய இருக்கு."

முஸெய்யென் பெரியம்மா பெரிஹானின் தாயாருக்கு அக்கா. தாய் இல்லாத இவளை வளர்த்தவர். அப்புறம் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே இருந்துவிட்டார். ஜெர்மனியில் எந்த ஊர் என்று இவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஆட்டம் ஓடும்போது சொன்னால் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

"சாமான் நிறைய இருக்குன்னா, எத்தனை நாளைக்கு வராங்க?"

"தனியா இருக்காங்க. வயசாச்சு."

"நான் நாளைக் கேட்டேன்."

"நமக்குத்தான் பின்ரூம் சும்மா இருக்கே."

சும்மாவா! அந்த அறையில்தான் பெரிய டிவி. சுவரெல்லாம் துண்டுகள், கையெழுத்துப் போட்ட பந்து, நான் காலை நீட்டுகிற சோபா. மனுஷனுக்கு உலகத்தில் இருப்பதே இரண்டு இடம். டீக்கடை நாற்காலியும் அந்த சோபாவும்தான்.

"பெரிஹான், நான் சபதம் எடுத்திருக்கேன். ஏர்போர்ட் வாசலை மிதிக்க மாட்டேன். இது என் மானப் பிரச்சினை. பெரியம்மாவுக்கு அங்கேயே நல்ல ஆஸ்பத்திரி, நல்ல பஸ் எல்லாம் இருக்கு. சந்தோஷமா இருக்கச் சொல்லு."

அவள் முகம் ஒரு கணம் வாடிப்போனது. எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அதற்குள் அவள் ஊசிகளை எடுத்து மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

"சரி. இனிமே அந்தப் பேச்சையே உங்ககிட்ட எடுக்கல."

வீட்டுக்கு நான்தான் தலைவன் என்பது இப்படித்தான் நிரூபணமாகும். விசிலடித்துக்கொண்டே டீக்கடைக்குப் போனேன்.

அங்கே ஒரே கூச்சல். கிளப்பின் இணையப் பக்கத்தில் அன்று ஒரு படம் போட்டிருந்தார்கள். கடல். ஒரு கம்பம். கம்பத்தின் மேல் கடல்காகம். கீழே ஒரு எழுத்துக்கூட இல்லை.

"படத்தைப் போட்டுட்டு வாயைத் திறக்கலைன்னா நாங்க என்னன்னு எடுத்துக்கறது?" என்று சூரியகாந்தி விதையைத் துப்பினான் ரெஜாய். "ஒரு கிளப்புன்னா தெளிவா அறிக்கை விடணும்ணே."

"காகம் எந்தப் பக்கம் பாக்குது?"

"கடலைப் பாக்குது."

"வடமேற்கு. வடமேற்குல என்ன இருக்கு?"

"கிரீஸ்."

"அதையும் தாண்டிப் போடா."

"ஜெர்மனியா?"

"ஜெர்மனியில ஆடுற யாரை நாம கேட்டுக்கிட்டிருக்கோம்?"

"வால்டெமிர்!" என்று கடையே அலறியது. பிரேசில்காரன். காலா அது! கோடை முழுக்க அவன் பெயரைச் சொல்லித்தான் நாங்கள் டீயில் சர்க்கரை கலக்கினோம்.

"ஆனா கிளப் மறுத்துடுச்சேண்ணே. பேச்சுவார்த்தையே நடக்கலைன்னு போட்டிருக்கான்."

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அட மண்டு! மறுத்தா வர்றான்னு அர்த்தம். நடக்காத விஷயத்தை எவன்டா மறுப்பான்? என் மூக்குக்கண்ணாடிக் கடையில யானை இல்லைன்னு நான் போர்டு மாட்டியிருக்கேனா? முதல்ல மறுப்பாங்க. அப்புறம் 'கருத்து சொல்றதுக்கில்ல'ம்பாங்க. அப்படிச் சொன்னா கையெழுத்து ஆயிடுச்சு. அதுக்கப்புறம் மூச்சே விட மாட்டாங்க. அப்ப விமானம் கிளம்பிடுச்சுன்னு புரிஞ்சுக்கணும்."

"இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்றா?"

"எனக்கு மூலம் இருக்குடா."

"அதுக்கு அத்திப்பழம் நல்லதுண்ணே."

கடை சிரித்தது. சிரிக்கட்டும். இந்தத் தத்துவத்தைப் பல வருடமாக ராத்திரிச் சாப்பாட்டோடு பெரிஹானுக்கும் பரிமாறி வருகிறேன். அவள் வாயில் ஊசி இருப்பதால் பதில் சொல்ல மாட்டாள். காதிலும் ஊசி இருக்கிறது என்று நான் நினைத்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். பெரிஹான் போனில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். குரலைத் தாழ்த்தினால் எனக்கு நன்றாகக் கேட்கும்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானமா? ஸ்டுட்கார்ட்லேர்ந்து நேரா... சாதாரண விமானந்தானே, நல்லது, யாரும் கவனிக்க மாட்டாங்க... இல்லல்ல, அவர்கிட்ட மூச்சு விடல. முட்டி எப்படி இருக்கு? டாக்டர் பாத்தாச்சா? எல்லாம் சரியா? அப்ப கிளம்பிடலாம்."

ஸ்டுட்கார்ட் என்றால் ஜெர்மனி! மருத்துவப் பரிசோதனை! முட்டி! பெரிஹானிடம் துணி தைக்க வருபவர்களில் ஒருத்தி பெல்கிஸ். பெல்கிஸின் புருஷன் யாலிஸ்போர் கிளப்பில் பத்திரிகைத் தொடர்பு அதிகாரி. காகப் படம் போட்டவனே அவன்தான்! மூலம் என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது, நான் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"யார் போன்ல?"

"யாரோ."

"வால்டெமிர் வர்றானா?"

"வால்டெமிரா? அந்த ஆளெல்லாம் வரல. அப்படி ஒரு பேச்சே நடக்கலங்க."

மறுத்துவிட்டாள்!

அன்று மாலை மெதுவாக மறுபடி கொக்கி போட்டேன். "பெல்கிஸ் வந்திருந்தாளா?"

"ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தா."

"என்ன சொன்னா?"

"அவங்க வீட்டு விஷயம் பத்தி நான் கருத்து சொல்றதுக்கில்ல."

கையெழுத்து ஆகிவிட்டது! ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. சபதம் என்ன பெரிய சபதம்? நான் எடுத்ததுதானே, நானே திருப்பி வைத்துவிட்டால் போயிற்று.

காலையில் டீக்கடையில் அறிவித்தேன். "ஞாயிறு மத்தியானம். ஸ்டுட்கார்ட் விமானம். வால்டெமிர்."

"தனி விமானத்துல வராம, நம்மளை மாதிரி டிக்கெட் எடுத்து வருவானாண்ணே?" என்றான் ரெஜாய்.

"ரகசியமா வர்றவன் வேற எப்படிடா வருவான்? யாரும் கவனிக்கக் கூடாதுல்ல."

"தப்பாப் போச்சுன்னா?"

"நாற்காலி உனக்கு. நானே தூக்கிட்டு வந்து உன் பின்னால போடறேன்."

"சரி. வேன் என்னோடது. டீசலும் என்னோடது" என்றான். நாற்காலி கையில் கிடைத்த மாதிரி அவன் முகத்தில் ஒரு பளபளப்பு.

ஞாயிற்றுக்கிழமை பெரிஹான் விடியும்போதே எழுந்து திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கல்யாணத்துக்குப் போதும். என் நல்ல சட்டை இஸ்திரி போட்டுத் தொங்கியது. மேஜை மேல் ஒரு ரோஜாப் பூங்கொத்து.

"கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்" என்றேன், சும்மா சொல்வது போல.

"போயிட்டு வாங்க. இந்த ரோஜாவை எடுத்துட்டுப் போங்க, இங்க இருந்தா வாடிடும். ரெஜாய் வேன்தானே? மேல கட்டறதுக்குக் கயிறு இருக்கான்னு பாத்துக்கங்க."

"கயிறு எதுக்கு?"

அவள் பேசவில்லை. இலையைச் சுருட்டினாள். பார்த்தேன், காத்திருந்தேன், அவள் மூச்சே விடவில்லை. விமானம் கிளம்பிவிட்டது! அவள் நெற்றியில் ஒரு முத்தம் வைத்துவிட்டு ஓடினேன்.

வருகை வாசலில் நாங்கள் நின்ற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பச்சை ஆரஞ்சுக் கடல். மேளத்தோடு ஷாபான். ஷாபானுக்குக் கிட்டப்பார்வை. என்னிடம் கண்ணாடி வாங்கு என்றால் வாங்கமாட்டான், எல்லாம் ஓசியில் தெரியும் என்பான். கதவு திறந்தது. பெட்டிகள் குவிந்த ஒரு வண்டி வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு வண்டி. தள்ளுகிற ஆள் தெரியவே இல்லை.

"உபகரணம்!" என்று நான் கத்தினேன். "வந்துட்டான்! அடிடா!"

ஷாபான் அடித்தான். புகை கிளம்பியது. எல்லாரும் தொண்டை கிழியப் பாடினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்து போய்க் கழுத்தில் துண்டைப் போட்டேன். கழுத்து எட்டவில்லை என்று எம்பத் தேவையிருக்கவில்லை. குனிய வேண்டியிருந்தது.

கண்ணைத் திறந்தேன். துண்டுக்கு மேலே ஒரு பூப்போட்ட முக்காடு. முக்காட்டுக்குள் முஸெய்யென் பெரியம்மா.

மேளம் நிற்கவில்லை. ஷாபானுக்கு யார் என்று தெரியவில்லை. பெரியம்மா கூட்டத்தைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், என் கையிலிருந்த ரோஜாவைப் பார்த்தார். ஓவென்று அழுதுவிட்டார்.

"உன் புருஷன் வருவானாடின்னு பெரிஹான்கிட்ட கேட்டேன். நீங்க கிளம்பி வாங்க, அவர் வாசல்ல நிப்பார்ன்னா. நீ ஊரையே கூட்டிட்டு வந்திருக்கியேப்பா! அந்த ஊர்ல இத்தனை வருஷத்துல என்னை யாரும் வாசல் வரைக்கும் வந்து கூப்பிட்டதில்லை." என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அதோடு விடவில்லை, வரிசையாக எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே போனார். என் கழுத்தை நெரிக்க வந்த ரெஜாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். அழுகிற கிழவி முன்னால் எவன் சண்டை போடுவான்? வால்டெமிருக்காக வந்த தோள்கள் எல்லாம் பெட்டி தூக்கின. வேன் மேலே சாமான் கட்டக் கயிறு போதவில்லை, கழுத்துத் துண்டுகளை முடிச்சுப் போட்டுக் கட்டினோம்.

வழியில் ரெஜாய் என் காதில் மெதுவாகச் சொன்னான். "பெரியம்மா நல்லவங்கண்ணே. நாற்காலியை நாளைக்குக் காலையில கொண்டு வந்துடுங்க."

வீட்டில் பின்ரூம் கதவு திறந்து கிடந்தது. சோபா இருந்த இடத்தில் புது விரிப்பு போட்ட கட்டில். சுவரில் ஒரு துண்டுகூட இல்லை. என் டிவி, பெரியம்மா படுத்தபடி பார்க்கத் தோதாகத் திரும்பியிருந்தது. பெரிஹானும் பெரியம்மாவும் கட்டிக்கொண்டு நின்றார்கள். நியாயமாகப் பார்த்தால் எனக்கும் மனது கரைந்தது. ஆனால் நியாயம் வேறு, சோபா வேறு.

அவளைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "என்னை ஏமாத்திட்டியே!"

"என்ன ஏமாத்தினேன்? வால்டெமிர் வரலன்னு சொன்னேன். வந்தானா?"

"வரல."

"பேச்சே நடக்கலன்னேன். நடந்துச்சா?"

"இல்ல. ஆனா நீ மறுத்த விதம்..."

"மறுத்தா மறுத்ததுதாங்க. நீங்க நம்பாம போனதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

தட்டு நிறைய இலைச் சுருளை அடுக்கினாள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வீட்டுத் தலைவன் குரலில் கேட்டேன்.

"சரி, போகட்டும். பெரியம்மா எத்தனை நாள் இருப்பாங்க?"

பெரிஹான் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்ரூமைப் பார்த்து நடந்தாள்.

"அதைப் பத்தி இப்போதைக்குக் கருத்து சொல்றதுக்கில்லங்க."